லயத்திலிருந்து பல்கலைக்கழக விடுதிக்கு: புதிதாகப் போகும் மலையகப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

நம் ஊரில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம். ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் "எந்தக் கல்லூரியை விரும்புகிறீர்கள்?" என்று கேட்டிருந்தால் பிள்ளைகள் திகைத்துப் போகிறார்கள். அங்கே கேட்பது வதிவிடக் கல்லூரியை. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே மாணவரும் ஆசிரியரும் ஒரே கூரையின் கீழ் தங்கி, ஒரே மண்டபத்தில் சாப்பிட்டு, பாடம் பேசிப் பழகும் சிறு சமூகம் அது. ஒக்ஸ்போர்டில் மேர்ட்டன் கல்லூரி 1264இல், கேம்பிரிட்ஜில் பீட்டர்ஹவுஸ் 1284இல் தொடங்கின. அன்றிலிருந்து இந்த முறை உலகமெங்கும் பல உருவம் எடுத்திருக்கிறது.

அதில் ஓர் உருவம் நம் மலைநாட்டிலேயே இருக்கிறது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோது முதல் உபவேந்தரான சேர் ஐவர் ஜெனிங்ஸ் கேம்பிரிட்ஜில் படித்தவர். மாணவர் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமே வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 1952இல் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு இடம்பெயரத் தொடங்கியது. ஹந்தானை அடிவாரத்தில், மகாவலிக் கரையில், அருணாசலம், இராமநாதன், ஜயதிலக்க, ஜேம்ஸ் பீரிஸ், ஹில்டா ஒபேசேகர என்று விடுதி மண்டபங்கள் எழுந்தன. விடுதி என்பது படுக்க ஓர் இடம் மட்டுமல்ல, படிப்பின் ஒரு பாகம் என்ற எண்ணத்தில் கட்டப்பட்ட இடம் இது. தோட்டத்திலிருந்து போகும் பிள்ளை இதை முதலில் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டிலும் மேசையும் யாரோ இரக்கப்பட்டுக் கொடுப்பவை அல்ல. பல்கலைக்கழக அனுமதியைத் தந்த உங்கள் இசட் புள்ளியோடு சேர்ந்து வந்த உரிமை.

கீழே சொல்வது பெரும்பாலும் பேராதனையை வைத்துத்தான். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். கடைசிப் பகுதி வெளிநாட்டு வதிவிடக் கல்லூரிகளைப் பற்றியது.

முதல் வேலை: பெயரைச் சரிபார்ப்பது

மூட்டை கட்டுவதற்கு முன் பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, உயர்தரப் பெறுபேற்றுத் தாள், பாடசாலை விடுகைப் பத்திரம் நான்கையும் மேசையில் வரிசையாக வைத்து, பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தோட்டப் பிள்ளைகளுக்கு அதிகம் இடறுவது இங்கேதான். பிறப்பைப் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஒரு தாளில் லெட்சுமி, இன்னொன்றில் லட்சுமி, மூன்றாவதில் லெச்சிமி. அது சிங்களத்துக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வரும்போது நான்காவது பெயர் ஒன்று பிறந்துவிடும். அப்பாவின் பெயரிலும் இதே கதைதான், முதலெழுத்தே மாறிப்போகும்.

சிறிய வித்தியாசம் என்றால் இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி ஒன்று முடித்து வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தோடு மூன்று பிரதியும் கையில் இருக்கட்டும். பெயரே வேறாக இருந்தால் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவுக்குப் போய்த் திருத்த வேண்டும். அதற்கு மாதக்கணக்கு ஆகலாம் என்பதால் பெறுபேறு வந்த வாரமே தொடங்குங்கள். பதிவு நாளில் கவுண்டரில் நின்றுகொண்டு இதைச் சரிசெய்ய முடியாது.

அடுத்தது வருமானச் சான்று. விடுதி இடம், மகாபொல புலமைப்பரிசில், உதவிப் பணம் எல்லாவற்றுக்கும் குடும்ப வருமானமும் வீட்டின் தூரமும் கேட்பார்கள். கிராம சேவகரின் சான்றிதழில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் இருக்க வேண்டும். அம்மாவின் சம்பளச் சீட்டுகளையும் சேர்த்து வையுங்கள், ஒரு மாதச் சீட்டு போதாது. கொழுந்து அதிகம் வரும் மாதத்துச் சீட்டை மட்டும் கொடுத்தால், பேர் விழாத (வேலைநாள் பதியப்படாத) மாதங்களின் நிலை அதில் தெரியாமல் போகும். கடைசி ஆறு மாதச் சீட்டுகளைத் தோட்டத்து ஆபிஸில் கிளாக்கரிடம் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றும் உண்டு. லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வரும் கடிதங்கள் பல இடங்களில் ஆபிஸோடு நின்றுவிடுகின்றன. பதிவுத் தபால் ஒரு வாரம் அங்கேயே கிடந்தால் பதிவுத் திகதியே தாண்டிவிடலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து பல்கலைக்கழகத்தில் பதிவு முடியும்வரை தொலைபேசி இலக்கத்தை மாற்றாதீர்கள். மின்னஞ்சலைத் தினமும் பாருங்கள். சிம் மாற்றியதால் செய்தி கிடைக்காமல் கடைசி நாளில் ஓடுபவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

எதை எடுத்துப் போவது

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். பேராதனை 500 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. அக்கரப்பத்தனையிலிருந்தோ இராகலையிலிருந்தோ வரும் பிள்ளைக்குப் பேராதனை சூடான ஊர். மூன்று கம்பளி தேவையில்லை, ஒன்று போதும். அதற்குப் பதில் நுளம்பு வலை ஒன்று கட்டாயம். மேல்மலையில் வலை கட்டித் தூங்கிய பழக்கம் இருக்காது. கண்டி மாவட்டத்திலோ டெங்கு வந்துபோகும். இரண்டு நாள் காய்ச்சல் விடாவிட்டால் பரசிட்டமோல் போட்டுக்கொண்டு படுத்திருக்காமல் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்குப் போங்கள்.

மற்றவை சின்னச் சின்னச் சாமான். மெல்லிய படுக்கை விரிப்பு இரண்டு, தலையணை உறை, வாளி, கோப்பை, மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டி, நல்ல குடை, டோர்ச், நல்ல பூட்டு இரண்டு (ஒன்று அலுமாரிக்கு, ஒன்று பெட்டிக்கு). பழைய கட்டடங்களில் உருண்டைக் கம்பி பிளக், புதியவற்றில் சதுரக் கம்பி பிளக். இரண்டுக்கும் பொருந்தும் அடப்டர் ஒன்று வாங்கினால் முதல் இரவிலேயே போனைச் சார்ஜ் பண்ணலாம். உடுப்பில் சீக்கிரம் காயும் துணியைத் தெரிந்தெடுங்கள். ஒக்டோபர், நவம்பர் மழையில் தடித்த ஜீன்ஸ் மூன்று நாளானாலும் காயாது, ஈரவாடை வந்துவிடும்.

தண்ணீர் சுடவைக்கும் கொயில் ஹீட்டரை விட்டுவிட்டு வாருங்கள். விடுதிகளில் அதற்குத் தடை. பழைய வயரிங் தாங்காமல் ஒரு தளம் முழுவதும் கரண்ட் போய்விடும். பிடிபட்டால் பறித்துக்கொள்வார்கள்.

யன்னலைத் திறந்துவிட்டு விரிவுரைக்குப் போகாதீர்கள். குரங்குகள் வரும். பணிஸ், பழம், சவர்க்காரம், பளபளக்கும் சாமான் எதுவும் மிஞ்சாது. பாணை உடுப்புப் பைக்குள் ஒளித்து வைத்தால் பையையே கிழித்துவிடும். மூடி இறுகும் டின்னில் போட்டு அலுமாரிக்குள் வையுங்கள்.

போய்ச் சேரும் நாள்

ஹட்டனிலிருந்து கண்டி போகும் பஸ் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக வரும். நுவரெலியா பஸ் ரம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாக வரும். இரண்டும் கண்டிக்கு முன்பே பேராதனையைத் தொடும் என்பதால் கண்டிவரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. தாவரவியல் பூங்காவைத் தாண்டி, மகாவலிப் பாலத்தையும் தாண்டியதும் வரும் கலஹா சந்தியில் இறங்கினால், பல்கலைக்கழகத்தின் ஊடாகப் போகும் கலஹா வீதி அங்கே தொடங்குகிறது. பொறியியல் பீடம் ஆற்றுக்கு மறுகரையில் இருக்கிறது. அந்தப் பீடத்துப் பிள்ளைகள் எங்கே இறங்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ரயிலில் வருகிறவர்கள் பேராதனைச் சந்தியில் இறங்கலாம். மழைக்காலத்தில் மண்சரிவால் மலைநாட்டுப் பாதை அடைபடும், ஆகவே முதல் நாள் இரவே விசாரியுங்கள். பதிவுக்கு முதல் நாளே கண்டிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து தங்கிவிடுவது நல்லது.

விடுதியில் அறை கொடுக்கும்போது ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். கட்டில், மெத்தை, மேசை, கதிரை, அலுமாரி, திறப்பு எல்லாம் நல்ல நிலையில் கிடைத்தன என்று அதில் இருக்கும். முதலில் அறைக்குப் போய்ப் பாருங்கள். உடைந்த கதிரை, பூட்டாத அலுமாரிக் கதவு, கிழிந்த மெத்தை எது இருந்தாலும் போனில் படம் எடுத்து, படிவத்திலேயே எழுதிவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் வருடக் கடைசியில் அறையை ஒப்படைக்கும்போது யாரோ உடைத்ததற்கு நீங்கள் காசு கட்ட வேண்டிவரும்.

ஒருவருக்கோ இருவருக்கோ என்று நினைத்த அறைகளில் இன்று மூவர், நால்வர் இருப்பது சகஜம். மூன்று தலைமுறை ஒரே அறையில் வாழ்ந்த லயத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது பெரிய சிரமமாக இருக்காது. சொல்லப்போனால் சத்தத்துக்கு நடுவே படிக்கும் பழக்கம் நமக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. ஆனால் வெளிச்சம் அணைக்கும் நேரம், போனில் பேசும் இடம், கூட்டும் முறை இவற்றை அறைத் தோழர்களோடு முதல் வாரத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். மூன்றாம் மாதம் பேசினால் அது சண்டையாகிவிடும். வெளிவாயில் எத்தனை மணிக்குப் பூட்டப்படும், பிந்தி வந்தால் யாரிடம் எழுத வேண்டும், உப வார்டனின் அறை எது, இரவில் சுகமில்லாமல் போனால் யாரை எழுப்புவது என்பதையும் அன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்.

அறையில் சிங்களப் பிள்ளைகளும் இருப்பார்கள். நமக்குத் தெரிந்த கடைச் சிங்களம் தொடங்குவதற்குப் போதும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அவர்கள் "அய்யா" என்றால் அண்ணன் என்று அர்த்தம், நாம் பெரியவர்களைச் சொல்லும் ஐயா அல்ல. மூத்த மாணவியை "அக்கா" என்றால் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். விரிவுரையாளர்களுக்கு "சேர்", "மெடம்" போதும்.

மனம் கனக்கும் முதல் சில வாரங்களுக்கு ஓர் இடம் தேவைப்படும். வளாகத்துக்குள்ளேயே குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை அங்கே போனால் எல்லாப் பீடத்துத் தமிழ்ப் பிள்ளைகளையும் ஒரே இடத்தில் காணலாம். உங்கள் ஊர்ப் பக்கத்து அக்கா ஒருவரையோ அண்ணன் ஒருவரையோ அறிமுகமாக்கிக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

பகிடிவதை

இதைச் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும். பேராதனையில் 1975இல் ஒரு மாணவி பகிடிவதைக்குத் தப்ப மாடியிலிருந்து குதித்து நடமாட முடியாதவராகிவிட்டார். 1997இல் பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அதன் பின்தான் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன்படி பகிடிவதை குற்றம், இரண்டு வருடம்வரை கடூழியச் சிறை கிடைக்கலாம். பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ சேர்ந்தால் பத்து வருடம்வரை.

பகிடிவதை அடி உதையில் தொடங்குவதில்லை. இந்த நிறச் சட்டைதான் போட வேண்டும், இந்த கன்டீனுக்குப் போகக் கூடாது, இரவு இத்தனை மணிக்கு இந்த இடத்துக்கு வா, வட்ஸ்அப் குழுவில் சேர், சேர்ந்ததை வார்டனிடம் சொல்லாதே என்று சின்னச் சின்னக் கட்டளையாகவே தொடங்கும். தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்தால் பேச்சையும் வீட்டையும் வைத்து நக்கல் வரும். பணிந்து போகச் சொல்லப்படும் காரணம் எப்போதும் ஒன்றுதான்: "குப்பி வேண்டாமா?" குப்பி என்பது சீனியர்கள் பரீட்சைக்கு முன் எடுக்கும் வகுப்பு. அது நல்ல வழக்கம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு விலையாக மானத்தைக் கேட்கிறவர்களிடம் அதை வாங்க வேண்டியதில்லை. விரிவுரைக் குறிப்பையும் பழைய வினாத்தாளையும் நூலகத்திலும் விரிவுரையாளரிடமும் பெறலாம்.

செய்ய வேண்டியது இதுதான். இரவில் தனியாக அழைத்தால் போகாதீர்கள். திகதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அன்றன்றே எழுதி வையுங்கள். செய்திகளை அழிக்காமல் படம் பிடித்து, வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்புங்கள். வார்டனிடமும் மாணவ ஆலோசகரிடமும் எழுத்தில் முறையிட்டு, கொடுத்ததற்குப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அசையாவிட்டால் மானியங்கள் ஆணைக்குழுவின் முறைப்பாட்டுப் பிரிவு இருக்கிறது, பொலிஸ் இருக்கிறது. அம்மா, அப்பாவிடம் மறைக்காதீர்கள். மறைத்தவர்கள்தான் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: "எல்லாரும் பட்டதுதானே, பொறுத்துக்கோ" என்று சொல்லாதீர்கள்.

காசு

2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், உதவிப் பணம் 4,000இலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தப்பட்டது. இரண்டையும் ஒரே ஆள் பெற முடியாது. முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, முதல் தவணை விரிவுரை தொடங்கிச் சில மாதம் கழித்தே கைக்கு வரும். பிறகு நிலுவையைச் சேர்த்துப் போடுவார்கள். ஆகவே முதல் மூன்று மாதத்தை மகாபொல இல்லாமல் ஓட்டக் காசு தயார்செய்யுங்கள். வட்டிக்கு வாங்காமல் ஒரு சீட்டை முன்பே எடுத்து வைப்பது மேல்.

தோட்டச் சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டித்தான் வரும். அதனால் மாதம் 1 முதல் 10 வரைதான் பிள்ளைகள் திண்டாடும் காலம். வீட்டிலிருந்து வரும் காசை 30ஆல் பிரிக்காமல், முதல் நாளே பத்து நாள் சாப்பாட்டுக் காசைத் தனியாக ஒதுக்கி, அடுத்த மாதத் தொடக்கத்துக்கு வைத்துவிடுங்கள். விடுதி இடம் எல்லா வருடமும் உறுதி இல்லை. இடையில் ஒரு வருடம் வெளியே போடிங் எடுக்க நேரலாம். அதன் வாடகையும் முற்பணமும் விடுதிக் கட்டணத்தைவிடப் பல மடங்கு. மகாபொல நிலுவை மொத்தமாக வந்ததும் புதுப் போன் வாங்காமல் அதற்கென்று வைத்திருங்கள்.

படிப்பு

விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் எல்லாம் ஆங்கிலத்தில். கலைப் பீடத்தில் தமிழிலும் படிக்கலாம். தொடக்கத்தில் நடக்கும் ஆங்கில வகுப்பைத் தவறவிடாதீர்கள். நமக்கு ஆங்கிலம் குறைவு என்பது மூளைக் குறைவல்ல, தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியர் இல்லாத குறை. பல பீடங்களில் 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். திருவிழா, கல்யாணம், கருமாதி என்று வீட்டுக்கு ஓடி ஓடியே அந்த 20 வீதத்தைத் தீர்த்துவிடும் பிள்ளைகள் பலர். வீட்டிலிருப்பவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

வெளிநாட்டு வதிவிடக் கல்லூரிக்குப் போக நினைப்பவர்களுக்கு

பேராதனையின் மண்டபம் உங்களைத் தெரிவுசெய்வதும் இல்லை, பாடம் நடத்துவதும் இல்லை. வெளியில் இது நாட்டுக்கு நாடு மாறும். எதற்கு விண்ணப்பிக்கிறோம் என்று தெரியாமல் கட்டணத்தையும் நேரத்தையும் வீணாக்குவது இங்கேதான்.

ஒக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இளமாணிப் படிப்புக்கு உங்களைத் தெரிவுசெய்வது கல்லூரியேதான். வாரந்தோறும் ஓர் ஆசிரியரும் ஒன்று முதல் மூன்று மாணவரும் உட்காரும் சிறு வகுப்பையும் பெரும்பாலும் கல்லூரியே ஒழுங்குசெய்யும். கல்லூரியைக் குறிப்பிடாமலும் விண்ணப்பிக்கலாம், அப்போது ஒன்றை ஒதுக்கித் தருவார்கள். இறுதி நாள் ஒக்டோபர் 15, பிரித்தானிய நேரம் மாலை 6 மணி. நமக்கு அது இரவு 10.30. முதுமாணி, கலாநிதிப் படிப்பு என்றால் நிலைமை வேறு. ஒக்ஸ்போர்டில் முதலில் துறை ஏற்கும், பிறகு ஒரு கல்லூரி நிச்சயம் கிடைக்கும். நம் பிள்ளைகளுக்கு நடைமுறையில் திறந்திருக்கும் வாசல் இதுதான். கேம்பிரிட்ஜின் கேட்ஸ் புலமைப்பரிசிலும் ஒக்ஸ்போர்டின் கிளாரண்டன் நிதியமும் கட்டணத்தோடு வாழ்க்கைச் செலவையும் தருகின்றன.

டேர்ஹமில் எல்லா மாணவரும் ஒரு கல்லூரியைச் சேர்ந்தவர்கள், ஆனால் பாடம் நடத்துவது துறைகள். யேலில் 14 வதிவிடக் கல்லூரிகள் உண்டு. முதலாவது தொகுதி 1933இல் திறந்தது. அங்கே நீங்கள் தெரிவுசெய்ய முடியாது, வருமுன்பே ஒதுக்கிவிடுவார்கள். ஹாவர்டில் முதல் வருடம் ஓரிடம், இரண்டாம் வருடத்திலிருந்துதான் ஹவுஸ் எனப்படும் வதிவிடம். இந்த இரண்டும் வெளிநாட்டு மாணவரின் வசதியைப் பார்த்து அனுமதியை முடிவுசெய்வதில்லை. அனுமதி கிடைத்தால் தேவையான உதவியை முழுமையாகத் தருகின்றன. காசில்லை என்று விண்ணப்பிக்காமல் விடுவதுதான் நம் பக்கப் பிழை. மெல்பேர்ணில் டிரினிட்டி, ஓர்மண்ட் போன்ற கல்லூரிகள் பல்கலைக்கழகத்திலிருந்து தனியானவை. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தாலும் கல்லூரிக்கு வேறாக விண்ணப்பித்து வேறாகக் கட்டணம் கட்ட வேண்டும், அந்தக் கட்டணமும் அதிகம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டெம்புசு போன்றவற்றில், தங்குவதோடு அந்தக் கல்லூரி நடத்தும் பாடங்களையும் எடுக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்த பிறகு பலரை மாட்டவைப்பது விடுமுறைதான். ஒக்ஸ்போர்டில் ஒரு தவணை எட்டு வாரம், வருடத்துக்கு மூன்று தவணை, ஆக மொத்தம் 24 வாரம். இளமாணி மாணவரின் அறை ஒப்பந்தம் பெரும்பாலும் அந்தத் தவணைகளை ஒட்டியே இருக்கும். தவணை முடிந்ததும் அறையைக் காலிசெய்யச் சொல்வார்கள். ஆங்கிலேயப் பிள்ளையை அப்பா காரில் வந்து ஏற்றிப்போவார். பொகவந்தலாவைக்கு மூன்று முறை விமானத்தில் வந்துபோக யாரால் முடியும்? இடம் கிடைத்த கடிதம் வந்த வாரமே கல்லூரி அலுவலகத்துக்கு மூன்று கேள்விகளை எழுதிக் கேளுங்கள். விடுமுறையில் தங்க அறை கிடைக்குமா, அதற்கு ஒரு நாளைக்கு எவ்வளவு, வெளிநாட்டு மாணவர் சாமான்களைப் பூட்டி வைக்க அறை உண்டா? அந்த விடுமுறை நாட்களில் சாப்பாட்டு மண்டபம் மூடியிருக்கும் என்பதால், பகிர்ந்து சமைக்கும் குசினி எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்றும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.